கல்லீரல் நிணநீர்: எங்கே ஊறுகிறது, எந்த வழியாக வடிகிறது?

#1 முற்றத்துமழை

வணக்கம். காரைக்குடிப் பக்கம் விலங்கியல் பிள்ளைகளுக்கு ஆட்டு ஈரலை வைத்து ஒரு செய்முறை வகுப்பு தயாராகிறது. பாடப்படத்தில் ஒரு இடம் நெருடுகிறது. லோபியூலின் (ஈரலைக் கட்டியிருக்கும் அறுகோணச் சிறு அலகின்) மூலைகளிலிருந்து இரத்தம் நடுச்சிரையை நோக்கி ஓடுகிறது. நிணநீருக்குப் போட்ட அம்பு மட்டும் நேர் எதிர்த்திசையில், மூலையைப் பார்த்துப் போகிறது. அடுத்த வரியிலேயே "லோபியூலுக்குள் நிணநீர் நாளம் கிடையாது" என்றும் இருக்கிறது. நாளமே இல்லாத இடத்தில் நிணநீர் எப்படி வந்தது, எதிர்த்திசையில் எப்படிப் போகிறது? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். "படத்தில் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

#2 ஊருணிக்கரை

நல்ல கேள்வி. நம்ம ஊர் வளவு வீட்டை வைத்தே சொல்லலாம், பாதி தூரம் வரைக்கும்.

நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கித்தான் இருக்கும். மழை நீர் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும், முற்றத்து ஓட்டை வழியாகத் தெருக்கால்வாய்க்குப் போகும். லோபியூலில் இரத்தமும் அப்படித்தான். மூலையில் இருப்பது போர்டல் பாதை. அதில் குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்டல் சிரையின் கிளை, கல்லீரல் தமனியின் கிளை, பித்தக்குழாய் மூன்றும் ஒன்றாகக் கிடக்கும். அங்கிருந்து சைனுசாய்டு என்ற அகன்ற நுண்குழாய்கள் வழியே இரத்தம் நடுச்சிரைக்கு வரும்.

இப்போது சைனுசாய்டின் சுவரைப் பார்க்கணும். உடம்பின் மற்ற நுண்குழாய்களில் சுவர் செல்லுக்கு அடியில் ஒரு அடித்தளப் படலம் விரித்திருக்கும். இங்கே அது கிடையாது. சுவர் செல்லிலும் 100 முதல் 150 நானோமீட்டர் அளவில் சன்னல் துளைகள், சல்லடைக் கண் மாதிரி கூட்டம் கூட்டமாக. அல்புமின் மூலக்கூறு ஏறக்குறைய 7 நானோமீட்டர்தான், அது தடையில்லாமல் போய்வரும். இரத்தச் சிவப்பணு ஏழாயிரம் நானோமீட்டர், அது உள்ளேயே நின்றுவிடும். ஆக வெளியே கசிவது அணுக்கள் நீங்கிய பிளாஸ்மாதான்.

கசிந்தது சேரும் இடம் டிஸ் இடைவெளி. சைனுசாய்டு சுவருக்கும் கல்லீரல் செல்லுக்கும் நடுவில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான சந்து. அங்கேதான் நிணநீர் "பிறக்கிறது". அப்போது அதற்குப் பெயர் திசுநீர். நாளத்துக்குள் போனபிறகுதான் நிணநீர். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: உண்டாவதற்கு நாளம் தேவையில்லை, அள்ளிக்கொண்டு போகத்தான் தேவை.

திசைக்கு வருவோம். சைனுசாய்டுக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பது போர்டல் முனையில். கசிவும் அங்கே அதிகம். பக்கத்திலேயே, போர்டல் பாதையை வேலி மாதிரி சுற்றி நிற்கும் கடைசி வரிசைச் செல்களுக்கும் இணைப்புத் திசுவுக்கும் நடுவில் இன்னொரு சந்து இருக்கிறது. அது மால் இடைவெளி. டிஸ்ஸிலிருந்து திரவம் வேலிச் செல்களின் இடுக்குகள் வழியாக மாலுக்கு வரும், அங்கிருந்து போர்டல் பாதையில் ஆரம்பிக்கும் நுண் நிணநாளத்துக்குள் போகும். இரத்தம் ஓடுவது குழாய்க்கு உள்ளே, திசுநீர் நகர்வது குழாய்க்கு வெளியே. ஒரே சந்தில் எதிரெதிராக மோதவில்லை, நடுவில் ஒரு சுவர் இருக்கிறது.

முற்றத்து ஒப்புமை இங்கே உடைந்துவிடும். ஓட்டில் விழுந்த நீர் திரும்ப ஓரத்துக்குப் போகாது. தாழ்வாரத்துச் சுவரில் ஊறி வெளிப்பக்கம் ஈரம் கசிவதைச் சொன்னால் கொஞ்சம் பொருந்தும். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

#3 தேவகோட்டைச்சாலை

ஊருணிக்கரை அண்ணே, ஒன்று கேட்கலாமா? எல்லா நுண்குழாயிலும் கசிவைத் தீர்மானிப்பது இரண்டு விசை. உள்ளழுத்தம் தள்ளும், புரதத்தின் ஆஸ்மாட்டிக் இழுப்பு பிடித்துவைக்கும். கல்லீரல் கெட்டால் அல்புமின் குறையும், இழுப்புக் குறையும், அதனால் நிணநீர் பெருகி வயிற்றில் நீர் கோர்க்கும். அவ்வளவுதானே? எதற்கு இவ்வளவு சுற்று?

#4 ஊருணிக்கரை

தம்பி, தேர்வுக்கு எல்லாரும் எழுதும் விடை இது. காலில் வீக்கம் என்றால் பாதி சரி. கல்லீரலுக்குள் இது தப்பு.

புரதம் இழுக்கணும் என்றால் சுவருக்கு உள்ளே அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்கணும். தசையில் அப்படித்தான், பிளாஸ்மாவில் 7 கிராம்/டெசிலிட்டர், அங்கிருந்து வரும் நிணநீரில் சுமார் 2 கிராம். குடலிலிருந்து வருவதில் 3 முதல் 4. கல்லீரலிலிருந்து வருவதில் சுமார் 6. உள்ளே 7, வெளியே 6 என்றால் இழுப்பு எங்கே மிஞ்சியது? சல்லடையில் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாத மாதிரி, ஆரோக்கியமான சைனுசாய்டு புரதத்தை வைத்து நீரைப் பிடிக்க முடியாது.

மிஞ்சுவது உள்ளழுத்தம் ஒன்றுதான். சைனுசாய்டில் அது மிகக் குறைவாக இருப்பதால்தான் நாம் தப்பிக்கிறோம். போர்டல் சிரையில் 7 முதல் 10 மி.மீ. பாதரசம் இருந்தால், அதற்கும் கல்லீரல் சிரைக்கும் உள்ள வித்தியாசம் 5-ஐத் தாண்டாது. கல்லீரல் சிரையில் அழுத்தம் இயல்பைவிட 3 முதல் 7 மி.மீ. ஏறினாலே நிணநீர் ஓட்டம் கண்ணுக்குத் தெரிய ஏறும், கல்லீரலின் மேற்பரப்பிலிருந்தும் கசியும். கீழ்ப்பெருஞ்சிரையில் 10 முதல் 15 மி.மீ. ஆகிவிட்டால் இயல்பைப்போல 20 மடங்கு வரை போகும். அப்போது கல்லீரல் மேற்பரப்பே வியர்த்துக் கொட்டும். வியர்வை என்ற சொல்லையே உடலியங்கியல்காரர்கள் வைத்திருக்கிறார்கள்.

1890களில் ஆங்கிலேய உடலியங்கியல்காரர் ஸ்டார்லிங் நாயில் இதைத்தான் பார்த்தார். உதரவிதானத்துக்கு மேலே கீழ்ப்பெருஞ்சிரையை அடைத்தார், மார்பு நிணக்குழாயில் ஓட்டம் எகிறியது. பிறகு கல்லீரல் வாயிலில் (சிரை, தமனி, பித்தக்குழாய் நுழையும் கீழ்ப்பக்கப் பள்ளத்தில்) உள்ள நிணநாளங்களைக் கட்டினார், அந்த ஏற்றம் நின்றது. கூடுதல் நீர் எங்கிருந்து வந்தது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

#5 தேவகோட்டைச்சாலை

சரிண்ணே. அப்போ சிரோசிஸ் (ஈரலில் நார் படிந்து இறுகும் நோய்) நோயாளியின் வயிற்று நீரில் புரதம் குறைவாக இருப்பது ஏன்? நீங்கள் சொல்கிற கணக்கில் 5, 6 இருக்கணுமே?

#6 பரிசோதனைக்கூடம்

இதற்கு நான் வருகிறேன்.

சிரோசிஸில் சைனுசாய்டின் சன்னல் துளைகள் அடைபட்டு, டிஸ் இடைவெளியில் நார் படிந்து, இல்லாத அடித்தளப் படலம் புதிதாக வந்துவிடும். சல்லடை துணியாக மாறிய மாதிரி. இனி நீர் போகும், புரதம் அவ்வளவு போகாது. அதனால் வடியும் நீரில் புரதம் 2.5-க்குக் கீழே வரும். இதயம் சரியாகத் தள்ளாததால் கல்லீரல் சிரையில் அழுத்தம் ஏறியிருந்தால் சைனுசாய்டு இன்னும் சல்லடைதான், நீரில் புரதம் 2.5-க்கு மேலே. வயிற்று நீர் ரிப்போர்ட்டில் மொத்தப் புரதத்தைக் கேட்பதே இந்த வேறுபாட்டுக்காக. முற்றிய சிரோசிஸில் தம்பி சொன்ன இழுப்பு விசைக்கும் கொஞ்சம் இடம் வருகிறது. ஆனால் முதல் தள்ளு அழுத்தம்தான்.

இரண்டு மாதிரிகள், வகுப்பில் கணக்காகவே போடலாம். எல்லா அளவும் கிராம்/டெசிலிட்டரில்.

ஒன்று: இரத்த அல்புமின் 2.8, வயிற்று நீர் அல்புமின் 0.9. வித்தியாசம் 1.9. மொத்தப் புரதம் 1.4. வித்தியாசம் 1.1 அல்லது அதற்கு மேல் என்றால் காரணம் போர்டல் அழுத்தம். புரதம் குறைவு, ஆகவே சைனுசாய்டு அடைபட்டிருக்கிறது. சிரோசிஸ் பக்கம் யோசிக்கணும்.

இரண்டு: இரத்த அல்புமின் 3.6, நீரில் 2.1. வித்தியாசம் 1.5. மொத்தப் புரதம் 3.8. அழுத்தம் இருக்கிறது, சல்லடையும் திறந்திருக்கிறது. இதயத்தையும் அதன் உறையையும் பார்க்கச் சொல்லணும். கல்லீரல் சிரை புதிதாக அடைபட்டாலும் இப்படி வரலாம்.

அடிக்கடி நடக்கும் தப்பு: இரத்தம் திங்கட்கிழமை, நீர் வியாழக்கிழமை. நடுவில் அல்புமின் பாட்டில் ஏறியிருக்கும், கழித்தல் கணக்கே பொய்யாகிவிடும். இரண்டும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே மணிநேரத்தில் எடுக்கணும்.

நீர் பால் மாதிரி இருந்தால் டிரைகிளிசரைடு கேளுங்கள். 200 மி.கி./டெசிலிட்டருக்கு மேல் இருந்தால் அது குடல் நிணநீர். கல்லீரல் நிணநீர் தெளிந்த வைக்கோல் நிறம்தான். பால் வெள்ளை என்பது சாப்பிட்ட கொழுப்பு கைலோமைக்ரான் என்ற நுண் கொழுப்புத் துளிகளாகக் குடல் நாளங்களில் வருவது. "நிணநீர்னா வெள்ளை" என்று நினைத்துக்கொண்டு கல்லீரலில் வெள்ளையைத் தேடும் பிள்ளைகள் நிறைய.

#7 கத்திமுனை

வடியும் வழி பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அறுவைக்காரன் கண்ணில் இது மூன்று தடம்.

முதல் தடம் போர்டல் பாதை வழியாக. ஏறக்குறைய 80 சதவீதமோ அதற்கு மேலோ இதில்தான். சின்ன நாளங்கள் தமனியையும் பித்தக்குழாயையும் ஒட்டி இறங்கி, கல்லீரல் வாயிலில் உள்ள நிணக்கணுக்களுக்கு வரும். பித்தப்பைக் கழுத்தருகே ஒரு கணு, பித்தப்பை எடுக்கும்போது பித்தப்பைத் தமனிக்கு அடையாளம் காட்டுவது அதுதான். அப்புறம் கல்லீரல்-முன்சிறுகுடல் தசைநாணுக்குள் (லிகமென்ட்) உள்ளவை, பொதுக் கல்லீரல் தமனியை ஒட்டியவை, பிறகு சீலியாக் கணுக்கள். புற்று அறுவையில் ஜப்பானிய எண்முறையில் இவை 12, 8, 9. அங்கிருந்து சிஸ்டெர்னா கைலி என்ற பை, முதல் இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில், பெருந்தமனிக்கு வலப்பக்கம். அதற்கு மேல் மார்பு நிணக்குழாய். 12-ஆம் மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் உதரவிதானத்தைத் தாண்டி, 5-ஆம் முள்ளெலும்பு அருகே இடப்பக்கம் திரும்பி, இடது கழுத்துச் சிரையும் கைச்சிரையும் சேரும் முனையில் கொட்டும்.

இரண்டாவது தடம் கல்லீரல் சிரைகளை ஒட்டி, கீழ்ப்பெருஞ்சிரையோடு உதரவிதானம் கடந்து மார்புக்குள் உள்ள கணுக்களுக்கு. அளவு குறைவு.

மூன்றாவது உறைக்கு அடியில் ஓடும் மேலோட்ட வலை. குவிந்த மேல்பக்கத்தில் உள்ளவை தசைநாண்கள் வழியாக உதரவிதானத்துக்கும் மார்பெலும்பின் பின்பக்கத்துக்கும் போகும். கீழ்ப்பக்கத்தில் உள்ளவை வாயிலுக்கே திரும்பும். உறையின் நார்த்திசுவும் போர்டல் பாதையின் நார்த்திசுவும் ஒரே தொடர்ச்சி என்பதால் மூன்று தடமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒன்றை அடைத்தால் இன்னொன்று வாங்கும், ஓரளவுக்கு.

கல்லீரல் செல் புற்று கணுக்களுக்குப் போவது குறைவு, இரத்தச் சிரைகளைத்தான் பிடிக்கும். பித்தக்குழாய்ப் புற்று போர்டல் பாதையிலேயே பிறப்பதால் கணுக்களைச் சீக்கிரம் பிடிக்கும். நிணநாளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால் இந்த வித்தியாசத்தை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

#8 முற்றத்துமழை

> ஒன்றை அடைத்தால் இன்னொன்று வாங்கும்

கல்லீரல் மாற்று அறுவையில் வாயில் நாளங்களை வெட்டித்தானே ஆகணும்? யாரும் தைப்பதில்லையா? அப்புறம், மேலே தள்ளுவது எது? கல்லீரலுக்குத் தசை கிடையாதே.

#9 கத்திமுனை

தைப்பதில்லை. சிரை, தமனி, பித்தக்குழாய் மட்டும்தான் தையல். நிணநாளங்களைக் கட்டிவிடுவோம் அல்லது சுட்டுவிடுவோம். அதனால்தான் முதல் நாட்களில் டிரெயின் குழாயில் தெளிந்த நீர் நிறைய வரும். சில வாரங்களில் நாளங்கள் தாமாகவே முளைத்துச் சேர்ந்துகொள்ளும். வாயிலில் கட்டாமல் வெறுமனே கிழித்துவிட்டு வந்தால் அந்த நீர் நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

தள்ளுவிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய நாளங்களில் வால்வும் மெல்லிய தசையும் உண்டு, அவை தாமாகவே சுருங்கும். போர்டல் பாதையில் பக்கத்தில் துடிக்கும் தமனி பிசைந்துவிடும். மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் இறங்கி வயிற்றை அழுத்தும், மார்பில் அழுத்தம் குறையும், சிஸ்டெர்னா பிழிந்து மேலே ஏறும்.

#10 ஊருணிக்கரை

வடிகால் கொள்ளளவு என்ற ஒன்றைச் சொல்லாமல் இந்த இழை முழுசாகாது.

அமைதியாக இருக்கும் உடம்பில் மார்பு நிணக்குழாயில் ஒரு நாளைக்கு 1 முதல் 2 லிட்டர். அதில் கால் பங்கிலிருந்து பாதி வரை கல்லீரலுடையது. சிரோசிஸில் இதே குழாயில் 8, 9 லிட்டர் சாதாரணம், 20 லிட்டர் வரையும் அளந்திருக்கிறார்கள். குழாய் அகன்று, வாயில் நாளங்கள் பெருத்து, கணுக்கள் வீங்கி, தாங்கும் வரை தாங்கும். ஊருணிக்கு வரத்துக்கால் பெருகினால் கலிங்கில் வழிந்து அடுத்த ஊருணிக்குப் போகும். வரத்து கலிங்கின் அகலத்தையும் மிஞ்சினால்தான் கரை மேல் ஏறும். வயிற்றில் நீர் தெரிகிறது என்றால் வடிகால் வேலைநிறுத்தம் செய்யவில்லை, இயல்பைவிடப் பத்து மடங்கு வேலை செய்தும் மிஞ்சிவிட்டது என்று பொருள். "நிணநாளம் அடைத்துக்கொண்டது" என்று எழுதும் விடைத்தாள்களில் இதைத்தான் திருத்தணும்.

இதற்குச் சான்று 1960களில் கிடைத்தது. சிரோசிஸ் நோயாளிகளுக்குக் கழுத்தில் மார்பு நிணக்குழாயைத் திறந்து வெளியே வடியவிட்டார்கள். வயிற்று நீர் குறைந்தது, போர்டல் அழுத்தமும் இறங்கியது. நிரந்தர வைத்தியமாக நிலைக்கவில்லை, ஆனால் கடைசி வாய்க்கால் எவ்வளவு குறுகல் என்று தெரிந்தது.

ஒரு அசௌகரியமும் உண்டு. வயிற்றறைக்குள் கொட்டிய நீரைத் திரும்ப அள்ளுவது உதரவிதானத்தின் அடிப்பக்கத்து நிணவாய்கள். அவை ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள்தான் எடுக்கும். மாத்திரையால் சிறுநீரை மூன்று லிட்டர் போகவைத்தாலும் வயிற்றிலிருந்து வருவது அவ்வளவுதான். மீதி இரத்தத்திலிருந்து போகும், சிறுநீரகம் அடிபடும்.

#11 கீழவளவு

அந்தக் கடைசி வரியில் இருந்துதான் வார்டு வேலை ஆரம்பிக்குது.

நீர்மாத்திரை போடும்போது தினமும் ஒரே நேரம், ஒரே தராசு, காலையில் சிறுநீர் கழிச்ச பிறகு எடை பாக்கணும். காலில் வீக்கம் இல்லாதவங்களுக்கு நாளைக்கு அரை கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. வீக்கம் இருந்தா ஒரு கிலோ வரை. அதுக்கு மேல் வேகமா இறங்கினா சந்தோஷப்படாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஸ்பைரனோலாக்டோன் 100-க்கு ஃப்யூரோஸமைடு 40 என்ற விகிதம் பொட்டாசியம் ரெண்டு பக்கமும் சாயாம இருக்கத்தான். ஒண்ணை மட்டும் வீட்டில் நிறுத்திட்டா விகிதம் கெட்டுடும்.

உப்புதான் பெரிய சண்டை. ஒரு லிட்டர் வயிற்று நீரில் சுமார் 130 மில்லிமோல் சோடியம் இருக்கு, அதாவது ஏழரை கிராம் உப்பு. உடம்பு ஏழரை கிராம் உப்பைப் பிடிச்சா ஒரு லிட்டர் நீரையும் சேர்த்துப் பிடிக்கும். அதனால்தான் நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, மட்டமா ஒரு டீஸ்பூன், குழம்பு ரசம் மோர் எல்லாம் சேர்த்து.

நம்ம பக்கத்துச் சமையலில் அந்த ஒரு டீஸ்பூனை அளக்காமலே தாண்டிடுவோம். உப்புக்கண்டம், மோர் மிளகாய், வடகம், அப்பளம், எலுமிச்சை ஊறுகாய், நாலு மணிக்குத் தேன்குழலும் சீப்புச் சீடையும். குழம்பில் உப்பைக் குறைச்சுட்டு அப்பளத்தை நொறுக்கினா கணக்கு எப்படித் தேறும்? ருசிக்கு மிளகு, சீரகம், கல்பாசி, புளி தாராளமா போடலாம், அதில் ஒண்ணும் கெட்டுப்போகாது. "உப்புக்குப் பதில் உப்பு"ன்னு விக்கிற பொடி பொட்டாசியம் குளோரைடு. ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடறவங்களுக்கு அது ஆபத்து, இதயத் துடிப்பைக் கெடுக்கும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்குற வலி மாத்திரைகளும் வேண்டாம், சிறுநீரகத்துக்குப் போற இரத்தத்தைக் குறைச்சு நீர்மாத்திரையைச் செல்லாக்காசாக்கிடும்.

ஊசி போட்டு நீர் எடுக்கும்போது 5 லிட்டருக்கு மேல் போனா, எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின். 20 சதவீதம், 100 மில்லி பாட்டிலில் 20 கிராம். 6 லிட்டர் எடுத்தா கிட்டத்தட்ட ரெண்டு முதல் ரெண்டரை பாட்டில். "பாட்டில் விலை அதிகம், அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு சொல்ற வீட்டுக்காரங்களுக்கு, அல்புமின் வயித்துக்காக இல்லை சிறுநீரகத்துக்காகன்னு விளக்குங்க, புரிஞ்சுக்குவாங்க. காய்ச்சலோ வயிற்று வலியோ புதுசா வந்தா அன்னைக்கே நீரில் அணு எண்ணிக்கை பாக்கணும். நியூட்ரோஃபில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250-ஐத் தொட்டா கல்ச்சர் வரும்வரை காத்திருக்காம ஆன்டிபயாடிக்.

#12 தேவகோட்டைச்சாலை

ஆச்சி, அருமை. ஒரு பக்கக் கேள்வி: சிலருக்கு வலது நெஞ்சில் மட்டும் நீர் வருதே, அது இரண்டாவது தடம் வழியா?

#13 கத்திமுனை

பெரும்பாலும் இல்லை. உதரவிதானத்தின் வலப்பக்கத்தில் உள்ள நுண்ணிய ஓட்டைகள் வழியாக வயிற்று நீரே மேலே உறிஞ்சப்படுகிறது. நெஞ்சில் அழுத்தம் எப்போதும் குறைவு என்பதால், வயிறு காலியாகத் தெரிந்து நெஞ்சு நிறைந்திருப்பதும் உண்டு. அதில் நெஞ்சுக்குழாயைப் போட்டு விட்டுவிடாதீர்கள், நாள் கணக்கில் வடிந்து புரதம், உப்பு, எதிர்ப்புச் சக்தி எல்லாம் போகும்.

குழந்தை இதய அறுவைப் பக்கம் இன்னொரு கூத்து நடந்தது. ஃபோன்டான் அறுவை (சிரை இரத்தத்தை இதயத்தைத் தவிர்த்து நேரே நுரையீரலுக்குத் திருப்புவது) செய்தவர்களுக்குச் சிரை அழுத்தம் எப்போதும் ஏறியே இருக்கும். சிலருக்குக் குடல் வழியாகப் புரதம் கொட்டும், குடல் நோய் என்றே நினைத்திருந்தார்கள். கல்லீரலின் நிணநாளத்தில் ஊசிவழி நீலச்சாயம் செலுத்தி எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது சாயம் முன்சிறுகுடலின் உள்சுவரில் வந்து சொட்டியது. கொட்டியது கல்லீரல் நிணநீர், 6 கிராம் புரதத்தோடு. கசிவிடத்தை அடைத்தால் அல்புமின் ஏறியது.

#14 பரிசோதனைக்கூடம்

நுண்ணோக்கிப் பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண ஊதா-இளஞ்சிவப்புச் சாயத்தில் போர்டல் பாதையின் நிணநாளம் சுருங்கி ஒட்டிக் கிடக்கும். அதனால்தான் "மும்மை" என்று சொல்லி நாலாவது ஆளை விட்டுவிட்டார்கள். காட்டணும் என்றால் டி2-40 என்ற போடோபிளானின் சாயம் சரி. லைவ்-1 போட்டால் ஏமாறுவீர்கள், நிணநாளத்தோடு சைனுசாய்டு சுவரும் சேர்ந்து சாயமேறும். "லோபியூல் முழுக்க நிணநாளம்" என்று எழுதிய விடைகளின் பிறப்பிடம் அந்தப் படம்தான்.

வரலாற்றுப் பிரியர்களுக்கும் கொஞ்சம். 1622-ல் அசெல்லி நாயின் குடலில் பால் நாளங்களைப் பார்த்து, அவை கல்லீரலுக்குத்தான் போகின்றன என்று நினைத்தார். 1651-ல் பெக்கே அவை மார்புக் குழாய்க்குப் போவதைக் காட்டினார். ருட்பெக் கல்லீரலின் நாளத்தைக் கட்டுப்போட்டுப் பார்த்ததில் கட்டுக்கும் கல்லீரலுக்கும் நடுவில்தான் புடைத்தது, ஆக ஓட்டம் கல்லீரலிலிருந்து வெளியே. உணவை இரத்தமாக்குவது கல்லீரல்தான் என்பது பழைய நம்பிக்கை. 1653-ல் பார்த்தலின், அந்தப் பதவி போன கல்லீரலுக்குக் கல்லறை வாசகமே எழுதிவிட்டார். அவசரப்பட்டுவிட்டார், பாவம்.

#15 முற்றத்துமழை

எல்லாருக்கும் நன்றி. இனி ஆட்டு ஈரல். உறைக்கடியில் மை செலுத்தி மேலோட்ட வலையைக் காட்டலாம் என்று திட்டம். முதல் வெள்ளோட்டத்தில் கறுப்புத் திட்டுதான் வந்தது, வலை வரவில்லை. என்ன தப்பு?

#16 ஊருணிக்கரை

திட்டின் ஓரம் மங்கலாகப் பரவியிருந்ததா? அப்படியென்றால் ஊசி ஆழமாகப் போய்விட்டது. மை சைனுசாய்டுக்குள் இறங்கி, கல்லீரல் சிரை வெட்டுவாயில் கறுப்பாக எட்டிப்பார்க்கும். திருப்பிப் பாருங்கள், இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஈரலைக் கழுவவேண்டாம், துண்டு போடவேண்டாம், பித்தப்பைக்குப் பக்கத்துக் கொழுப்புக் கட்டியைச் சீவவேண்டாம். வாயில் கணுக்கள் அந்தக் கொழுப்புக்குள்தான் அவரைக்கொட்டை மாதிரி இருக்கும். கடைக்காரரிடம் நிணக்கணு என்றால் முழிப்பார், "நெறி" என்றால் புரியும். ஈரலில் வெட்டும்போது குழாய் தடித்து, தட்டைப்புழு தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள், நாளங்களும் கணுக்களும் மாறிப்போயிருக்கும்.

அறுத்து நாலு மணி நேரத்துக்குள் வேலை முடியணும். கழுவ 0.9 சதவீத உப்புநீர், லிட்டருக்கு 9 கிராம். குழாய்த்தண்ணீரில் போட்டால் செல்கள் உப்பி நாளங்கள் அமுங்கிவிடும். இந்திய மையை உப்புநீரில் ஒன்றுக்கு ஐந்தாகக் கரைத்து வடிதாளில் வடிகட்டுங்கள், கட்டி இருந்தால் ஊசி அடைக்கும். 1 மில்லி சிரிஞ்சு, 26 எண் ஊசி. ஊசிவாய் மேலே பார்க்க, மேற்பரப்புக்கு ஏறக்குறைய இணையாகப் படுக்கவைத்து உறைக்கடியில் மட்டும் நுழையுங்கள். உறை வழியே ஊசியின் பளபளப்பு தெரியணும். தெரியவில்லை என்றால் ஆழம் அதிகம். 0.1 மில்லி, மெதுவாக. சிறு கொப்புளம் எழும்பும். ஊசியை எடுத்து, ஈரப் பஞ்சால் துளையை அழுத்திக்கொண்டு விரலால் வாயிலை நோக்கித் தடவுங்கள். மெல்லிய கறுப்புக் கோடுகள் வலையாகக் கிளம்பும். வலை சேர்ந்து பெரிதாகும் இடத்தில் மணி கோத்த மாதிரி தெரிந்தால் அவை வால்வுகள். அந்தக் கோட்டைப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், வால்வில் வந்து நிற்கும். வால்வு எதற்கு என்று பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்.

#17 முற்றத்துமழை

> உறை வழியே ஊசியின் பளபளப்பு தெரியணும்

இன்றைக்கு இப்படியே செய்ததில் கீழ்ப்பக்கத்தில் வலை வந்தது, மேல்பக்கத்தில் வரவில்லை. மை ஓரத்தில் வெளியே கசிகிறது.

#18 கத்திமுனை

மேல்பக்கத் தடம் வாயிலுக்குப் போகாது என்று மேலே சொன்னேனே. அது உதரவிதானத்துக்குப் போவது. கடையில் தசைநாணை அறுத்துவிட்டுத்தான் ஈரலைத் தருவார்கள், மை அந்த வெட்டுவாயில்தான் கசியும். தடவும் திசையை மாற்றி, தசைநாண் ஒட்டியிருந்த விளிம்பை நோக்கித் தடவுங்கள். அடுத்த முறை உதரவிதானத்தில் ஒரு கையளவுத் துண்டை ஈரலோடு சேர்த்தே வெட்டித் தரச் சொல்லுங்கள், மை அதற்குள் ஏறுவதையும் காட்டிவிடலாம்.